ஆர்வத்தை அளக்கப் போன பதருன்னிசா

பதருன்னிசாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்குக்கா?" என்றாள். சொன்னேன். "யாரு படிப்பாவ?" என்றாள். அதையும் சொன்னேன். "என்கிட்ட எழுதுறதுக்கு என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணுச்சு? முதல்ல தோணினது எது?" என்று அடுத்ததைப் போட்டாள். ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்றாகிவிட்டது எனக்கு. அவளோடு பழகுகிற எல்லாருக்கும் இதே பாடுதான்.

நான் உமாதேவி. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில் நூலகர். பதருன்னிசா அங்கே உளவியல் ஆசிரியை. உளவியலுக்கென்று எங்களிடம் தனித் துறையெல்லாம் கிடையாது. எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பாள். மிச்ச நேரத்துக்கு, மாடியில் 'ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டி ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி இடத்தை உடைந்த பெஞ்சுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கல்லூரிப் பேருந்தில் அவளும் நானும் முன் இருக்கை. நான் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன், தூங்குவதற்கு இல்லை, இவளிடமிருந்து தப்பிப்பதற்கு.

தப்பிக்க விடுவாளா? "அக்கா, கண்ண மூடினா காது நல்லாக் கேக்குமா, மூடாட்டா நல்லாக் கேக்குமா?" என்பாள்.

சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தானாம். அவளுடைய அத்தா பிச்சை முகம்மதுக்குப் பஜாரில் செருப்புக் கடை. ஒட்டகத்துக்குச் செருப்பு வாங்கினால் எத்தனாம் நம்பர் வாங்க வேண்டும் என்று ஒருநாள் மகள் கேட்டிருக்கிறாள். வேறு தகப்பனாக இருந்தால் 'போட்டி அங்கிட்டு' என்றிருப்பார். இவர் ராஜஸ்தானிலிருந்து கிரானைட் ஏற்றி வந்த ஒரு லாரி டிரைவரைக் கடை வாசலில் நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, ஒட்டகத்தின் பாதம் எவ்வளவு அகலம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லி, அந்த அளவைச் செருப்பு அட்டையில் வரைந்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் பிறகு எப்படி இருப்பாள்? கல்யாணமும் தோதாகத்தான் அமைந்தது. கணவர் தௌசிப் புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கிற யூனிட் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். வாரக் கடைசியில் வருவார். ஒரு வாரத்துக் கேள்விகளையும் மொத்தமாகக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பிப் போவார். நல்ல மனிதர்.

இவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரி மாணவர்களின் அறியும் ஆர்வம். அதை அளக்கப் போகிறாளாம்.

"உளுந்தா, பருப்பா? எதுல வச்சு ஏட்டி அளப்ப?" என்றேன்.

"அளவுகோல் இருக்குக்கா. வெளிநாட்டுல இதுக்குன்னே கேள்வித்தாள் செஞ்சு வச்சிருக்காவ."

காட்டினாள். முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். 'எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது' என்பதில் தொடங்கி 'எனக்கு முழுக்கப் பொருந்தும்' வரை. படித்துவிட்டுத் தனக்குச் சரியென்று படுகிற கட்டத்தில் டிக் போட வேண்டும். அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் ஒருவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று எண்ணாக வந்துவிடுமாம்.

அதைத் தமிழுக்குக் கொண்டுவர அவள் பட்ட பாடு இருக்கிறதே! 'அறிமுகமில்லாத நகரத்தில் வரைபடம் இல்லாமல் சுற்றி வருவேன்' என்று ஒரு வாக்கியம். எங்கள் பிள்ளைகளில் யார் நகரத்தில் வரைபடம் வைத்துக்கொண்டு சுற்றினார்கள்? அதை 'தெரியாத ஊரில் பேருந்து சற்று நேரம் நின்றால், இறங்கி நாலு தெரு பார்த்துவிட்டு வர ஆசைப்படுவேன்' என்று மாற்றினாள். பொம்பளைப் பிள்ளை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாளா என்று நான் சண்டைக்குப் போனேன். "ஆசைப்படுவேன்னுதானே போட்டிருக்கேன், போயிட்டு வருவேன்னா போட்டிருக்கேன்?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

இடையிடையே சில வாக்கியங்களை வேண்டுமென்றே தலைகீழாக வைத்திருந்தாள். 'புதிய விஷயங்களைத் தேடிப் போவேன்' என்று ஓரிடத்தில் இருந்தால், 'தெரிந்ததே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்' என்று இன்னோர் இடத்தில் இருக்கும். படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்களாம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நூலகத்துக்குள் வருகிற பிள்ளைகளை நான் அல்லவா பார்க்கிறேன்? வினா வங்கி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அதை எடுத்துக் கொடுத்தால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக வந்த புத்தகத்தைக் கண்ணில் படும்படி மேசைமேல் விரித்து வைத்தாலும் அதன்மேல் டிபன் பையை வைப்பார்கள். "ஆர்வமாவது மண்ணாவது, உனக்கு முட்டைதான் வரப்போகுது பாரு" என்று நான் அப்போதே சொன்னேன்.

மூன்று கல்லூரிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று தாமிரபரணிக் கரையோரம், ஒன்று கடற்கரைப் பக்கம், மூன்றாவது எங்களுடையது. கணினியில் போட்டு எண்களைப் பார்த்த மறுநாள் பேருந்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நம்ம பிள்ளைகதான்க்கா கடைசி" என்றாள்.

சும்மா கடைசி இல்லை. மற்ற இரண்டு கல்லூரிகளும் ஏறக்குறைய சமம். எங்கள் பிள்ளைகள் எங்கோ பாதாளத்தில் கிடந்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். சொன்னது பலித்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவளுடைய நெறியாளருக்கோ தலைகால் புரியவில்லை. வெளியூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், கெட்டிக்காரர், நல்லவரும்கூட. போனில் அவர் பேசியது பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கே கேட்டது. "ரொம்பச் சுத்தமான தரவும்மா இது. தலைகீழ் வாக்கியங்களுக்குக்கூடப் பிசகாம பதில் சொல்லியிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருந்தா இப்படி வராது. வானம் பார்த்த பூமியும் வறண்ட அறிவார்வமும்! தலைப்பே எழுதிக்கோ. ஜூனுக்குள்ள கொடுத்துடு."

ஜூனுக்குள் கொடுத்தே ஆகவேண்டும். ஏற்கெனவே தவணை நீட்டி வாங்கியிருந்தாள். விட்டால் பதிவு ரத்தாகிவிடும், வருடக்கணக்கான உழைப்பு போச்சு. போதாக்குறைக்கு, முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களை வருகிற ஆண்டிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று எங்கள் நிர்வாகம் வேறு சொல்லிவிட்டது. ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டமும் வேலையும் இருக்கும். கொடுக்காவிட்டால் இரண்டும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

"அக்கா, ஆர்வமே இல்லாத பிள்ளைக அன்னைக்கு ஏன் என்னை விடல?" என்றாள் அவள்.

கேள்வித்தாளை எங்கள் கல்லூரியில் கொடுத்த அன்று நடந்ததைச் சொன்னாள். தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பினால் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்களாம். இதை ஆள் திருத்துவாரா, மிஷின் திருத்துமா? நடுக்கட்டத்தில் போட்டால் என்ன அர்த்தம்? முப்பது என்பது என்ன கணக்கு, இருபத்தொன்பது கேட்டால் ஆகாதா? சுடலைக்குமார் என்று வரலாற்றுத் துறைப் பையன், குச்சி மாதிரி இருப்பான், அவன் கடைசியாக வந்து, "மேம், ஒரே விசயத்தைத் திருப்பித் திருப்பி மாத்திக் கேட்டிருக்கீங்களே, நாங்க பொய் சொல்லுதோமான்னு பாக்கவா?" என்று கேட்டிருக்கிறான். ஆற்றங்கரைக் கல்லூரியிலும் கடற்கரைக் கல்லூரியிலும் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லையாம்.

இதை என்னிடம் சொன்ன அன்று சாயங்காலமே, பேருந்து கிளம்பியதும் முன் இருக்கையை விட்டு எழுந்து, பிள்ளைகள் உட்காரும் பின்பக்கத்துக்குப் போனாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

"நான் ஒருத்தரையும் திட்டப் போறதில்ல" என்று தொடங்கினாள். "தாள்ல உங்க பேரும் கெடையாது. சும்மா தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குதேன். அந்த ஃபாரத்தை நிரப்பும்போது மனசுல என்ன நெனச்சீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். வணிகவியல் பிள்ளை, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை.

"மேம், முதல் பக்கத்துல நீங்கதானே போட்டிருந்தீங்க, 'உங்கள் தேவைகளை அறிந்து உதவுவதற்காக'ன்னு. உதவின்னு போட்டுட்டு உனக்கு அது இருக்கா, இது இருக்கான்னு கேட்டா நாங்க இருக்குன்னா சொல்லுவோம்? இருக்குன்னு போட்டா, இவளுக்குத்தான் நெறைய இருக்கேன்னு அடுத்தவளுக்குக் குடுத்துட்டுப் போயிருவாவல்லா?"

பதருன்னிசாவுக்குப் புரியவில்லை. அவள் பஜாரில் பிறந்தவள். எனக்குப் புரிந்துவிட்டது. மழை பொய்த்து மக்காச்சோளம் கருகினாலும், அறுப்பு நேரத்தில் பெய்து பாசிப்பயறு முளைத்துப் போனாலும், எங்கள் கரிசல் ஊர்களுக்குச் சேதக் கணக்கு எடுக்க ஆள் வருவார்கள். கையில் படிவம் இருக்கும். படிவத்தோடு ஒருவர் தெருவில் நுழைந்துவிட்டால் ஊரே மாறிவிடும். எங்கள் வீட்டில் அம்மா முதலில் மிக்ஸியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எது கேட்டாலும் இல்லை என்று சொல்லப் பழக்குவாள். டிவி? இல்லை. வண்டி? இல்லை. கம்மல்? கவரிங். இருப்பதை இருக்கிறது என்று சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது, இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்கும் முன்பே படிக்கிற பாடம். அந்தப் பாடத்தோடு வளர்ந்த பிள்ளைகளிடம் போய், உதவி என்று தலைப்பில் போட்டு, உனக்கு ஆர்வம் இருக்கிறதா என்று ஒருத்தி படிவம் நீட்டினால்? கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

"தலைகீழ் வாக்கியத்துக்கெல்லாம் சரியாப் போட்டிருந்தீங்களே?" என்று பதருன்னிசா கேட்டாள்.

சுடலைக்குமார் தலையைச் சொறிந்தான். "எங்க ஊருக்கு வாரவியளும் அப்படித்தான் கேப்பாவ மேம். மாடு இருக்கான்னு கேப்பாவ. இல்லம்போம். கொஞ்ச நேரங்கழிச்சு, இந்த வைக்கப்படப்பு யாருதுன்னு கேப்பாவ. மாட்டிக்கிடக் கூடாதுல்லா? அதான் ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துப் போட்டோம்."

பேருந்து முழுக்கச் சிரிப்பு. பதருன்னிசாவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "அடப்பாவிகளா, அவ்வளவு மெனக்கெட்டா இல்லன்னு சொன்னீங்க!" என்றாள். படிவத்தைப் படித்து, அதை எழுதியவளின் தந்திரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு எதிர்த் தந்திரம் செய்து, ஒரு கல்லூரியே ஒரு குரலில் ஆர்வம் இல்லை என்று நிரூபித்திருக்கிறது. அந்த மூளையைத்தான் நெறியாளர் சுத்தமான தரவு என்று பாராட்டியிருக்கிறார்.

நெறியாளரிடம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்ல கவனிப்பு. 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு பத்தி சேர்த்து எழுதிட்டுக் கொடுத்துடும்மா" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன்.

"ஏட்டி, பைத்தியமா உனக்கு? ஒரு பத்தி எழுதிப் போட்டுட்டுப் பட்டத்த வாங்கு. வேலைய நிலைப்படுத்து. அப்புறமா உன் நியாயத்தையெல்லாம் வச்சுக்க."

"அக்கா, அந்தப் புத்தகம் பல்கலைக்கழக அலமாரில நிக்கும். வரம்புகள யாரு படிக்கா? நாளைக்கு ஒருத்தி வந்து, கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்வம் கெடையாதுன்னு அதுலருந்து எடுத்து எழுதுவா. அவளுக்கு அந்தப் புத்தகத்த எடுத்துக் குடுக்கிறதே உங்கள மாதிரி ஒரு நூலகராத்தான் இருக்கும்."

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோபம் அவள்மேல் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பேசவில்லை.

அவள் கெஞ்சிக் கூத்தாடியதில், இதுதான் கடைசி என்று எழுதி வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் சில மாதம் கொடுத்தார்கள். எங்கள் நிர்வாகமும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னது. மூன்று கல்லூரிகளுக்கும் மறுபடி போவது என்று முடிவு செய்தாள். உதவி என்ற சொல்லை முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். அதோடு, கட்டத்தில் டிக் போடுவதை மட்டும் நம்ப முடியாது, பிள்ளைகள் தாங்களாகக் கேட்கிற கேள்விகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி செய்தாள். எங்கள் கல்லூரியில் அதைச் செய்த நாளை நான் நேரில் பார்த்தேன்.

கடைசி வகுப்பு. மாடியில் பெரிய அறை. அவள் சொன்னது இவ்வளவுதானாம்: "உங்களுக்குத் தெரிஞ்சுக்கிடணும்னு இருக்கிற ஒண்ணக் கேளுங்க. பதில் நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியவும் செய்யாது. மார்க்கு கெடையாது. இதனால உங்களுக்கு ஒரு உதவியும் வராது." உதவி வராது என்பதை அழுத்திச் சொன்னாளாம். பிறகு போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாளாம்.

நான் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பும் நேரம் வந்தது. பிள்ளைகளைக் காணோம். டிரைவர் சுடலைமணி ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் கடைசி மணி அடிப்பதற்குள் படியில் தொங்குகிற ஜாதி. சுடலைமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எனக்கு அதற்கும் மேலே வரும். இரண்டு பேரும் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு மாடி ஏறினோம்.

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

செண்பகராஜ் என்கிற பையன் பேசிக்கொண்டிருந்தான். நூலகத்தில் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. "கோடையில எங்க காட்டுல வெடிப்பு விழும். கம்ப விட்டா உள்ள போய்க்கிட்டே இருக்கும். மழை பெஞ்சதும் மூடிக்கிடும். அடுத்த வருசம் வேற எடத்துல வெடிக்கும். அப்போ உள்ள விழுந்த சாமானெல்லாம் எங்க போகுது? எங்க அய்யா செருப்பு ஒண்ணு விழுந்திருக்கு. அது அங்கனயே இருக்கா, கீழ போய்க்கிட்டே இருக்கா, இல்ல பக்கத்துக் காட்டுக்கு நகந்து போயிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவள் எழுந்தாள். "காட்டுல நிக்குதே, கரண்டு எடுக்கிற காத்தாடி, அதுக்கு ஏன் மூணு எறக்க? நாலு வச்சா இன்னும் காத்துப் பிடிக்கும்லா?"

பூங்கொடி: "ஒரு குச்சியக் கிழிக்கோம், எரியுது, ஊதுதோம். அந்தத் தீ எங்க போச்சு? போறதுக்கு ஒரு எடம் இருக்கா, இல்ல அது அப்படியே இல்லாமப் போறதா? இருந்த ஒண்ணு எப்படி இல்லாமப் போகும்?"

"போளி சூடா இருக்கும்போது ஒரு ருசி, ஆறினா ஒரு ருசி. உள்ள இருக்கிற இனிப்பு அதேதானே, ஏன் மாறுது?" இது கடம்பூர்ப் பையன்.

சுடலைக்குமார் எழுந்தான். "கழுகுமலை வெட்டுவான் கோயில மலை உச்சிலருந்து கீழ் நோக்கி வெட்டினாவன்னு படிக்கோம். அவ்வளவு பெரிய பாறையில முதல் உளிய எங்கன வச்சாரு? அதை எப்படி முடிவு பண்ணினாரு? பாதியில விட்டுட்டுப் போனாவளே, போன அன்னைக்கு வீட்டுல போயி என்ன சொல்லியிருப்பாவ?"

எத்தனை தடவை அந்த மலைக்குப் போயிருக்கிறேன்! புளியோதரை கட்டிக்கொண்டு போய், படம் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதல் உளி எங்கே விழுந்தது என்று ஒரு நாளாவது தோன்றியதா எனக்கு?

ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் எழுந்தார். கை தூக்கினார்கள், கை தூக்கியது தெரியவில்லை என்று பெஞ்சைத் தட்டினார்கள். போனில் கேட்டால் அம்மா குரல் ஏன் வேறாக இருக்கிறது என்று ஒருத்தி. வெறுங்காலோடு நடக்கிற மயிலுக்கு வெயிலில் ஏன் சுடுவதில்லை என்று ஒருவன். எங்கே இருந்தது இதெல்லாம்? இத்தனை நாளாக இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இவர்கள் என் மேசைமேல் டிபன் பையை வைத்துவிட்டுப் போனார்கள்? எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. பெரிய கோயிலுக்குள் முதல்தடவை நுழைந்து அண்ணாந்து பார்க்கும்போது வருமே, அது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பக்கத்தில் திட்டுவதற்கு வந்த சுடலைமணி எப்போது உள்ளே போனார் என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "மேடம், நான் கேக்கலாமா?" என்றார். பதருன்னிசா தலையாட்டினாள். "வெயில் காலத்துல ரோட்டுல தூரத்துல தண்ணி கெடக்கிற மாதிரி தெரியும்லா? வருசக்கணக்கா அதை முடுக்கிக்கிட்டுப் போறேன். நான் எவ்வளவு வேகமாப் போனாலும் அதுவும் அதே வேகத்துல போகுதே, அதுக்கு எப்படி என் வேகம் தெரியுது?" என்று கேட்டுவிட்டு, காதுவரை சிவந்துபோய்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

அன்று பேருந்து இருட்டிக்கொண்டு வரும்போதுதான் கிளம்பியது. வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை இருந்திருக்காது. பதருன்னிசா என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குள் மிச்சமிருந்த சண்டையும் தீர்ந்தது.

புதிய எண்கள் வந்தன. எங்கள் பிள்ளைகள் முதலிடம் வந்தார்கள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. வரவில்லை. மற்ற இரண்டு கல்லூரிகளோடு சேர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். பதருன்னிசா முதல் தடவை வந்த முடிவையும் எழுதினாள், இரண்டாவது தடவை வந்ததையும் எழுதினாள். படிவத்துக்கு முன்னால் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதே ஆய்வேட்டின் பாதியை எடுத்துக்கொண்டது. நெறியாளர் கையெழுத்துப் போடும்போது, "இதைத் தேர்வாளர் ஏத்துக்குவாரான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இரண்டு முடிவு இருக்கிற ஆய்வேடு ஆபத்து" என்று சொல்லித்தான் போட்டார்.

முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு என்று ஒன்று உண்டு. பெயருக்குத்தான் பொது. ஆய்வு செய்தவர் மேடையில் பேசுவார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்பார். கடைசியில், பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். அதற்காகவே நண்பர்கள் இரண்டு பேரைப் பிடித்து, சுலபமான கேள்வியாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் கேட்பார்கள், இவர் சொல்வார், கைதட்டல், இனிப்பு, முடிந்தது. "நீ யாருக்குச் சீட்டுக் குடுத்திருக்க?" என்று கேட்டேன். "யாருக்கும் இல்லக்கா" என்றாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, பல்கலைக்கழகத்தில். நிர்வாகத்திடம் கேட்டுச் சுடலைமணி பேருந்தை எடுத்து வந்தார். பிள்ளைகள் இறங்கி வந்து பின்வரிசைகளை நிறைத்தார்கள். தௌசிப் கடம்பூர்ப் போளிப் பொட்டலங்களோடு வாசலில் நின்றார். தேர்வாளர் நரைத்த தலை, சிரிக்காத முகம். ஆய்வேட்டில் நிறையப் பக்கங்களில் மடிப்பு வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் முடிவு தவறு என்றால் அதை ஏன் சேர்த்தீர்கள்? சொற்களை மாற்றியதும் எண்கள் மாறினால் அந்த அளவுகோலை எதற்கு நம்ப வேண்டும்? பதருன்னிசா தடுமாறித் தடுமாறி, ஆனால் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"பார்வையாளர்கள் யாராவது?" என்றார் தேர்வுக் கூட்டத்தின் தலைவர், தாள்களை அடுக்கிக்கொண்டே.

சுடலைக்குமார் எழுந்து நின்றான். அவன் இப்போது மூன்றாமாண்டு. "ஏலே, உக்காரு" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவன் காதில் விழவில்லை.

"மேம், முதல்தடவ நாங்க இல்லன்னு சொன்னது பொய்யின்னு நாங்களே சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவ நாங்க சொன்னது உண்மைதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க நல்லவிய, உங்களுக்கு வேலை நிலைக்கணும்னு நாங்க கூட்டிப் போட்டிருந்தா?"

நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தார். தெரியும் என்றால் பொய். தெரியாது என்றால் இத்தனை வருட உழைப்புக்கும் அவளே உலை வைத்த மாதிரி. படுபாவி, உன்னைப் பேருந்தில் ஏற்றியிருக்கவே கூடாது என்று நான் மனத்துக்குள் அலறினேன்.

பதருன்னிசா அவனையே பார்த்தாள். "தெரியாது சுடலைக்குமார்" என்றாள். "நீங்க சொன்னத நம்பினேன். நம்பினதுக்கு என்கிட்ட ஆதாரம் கெடையாது. நீ கேக்குத வரைக்கும் இதை நான் யோசிக்கவும் இல்ல."

தேர்வாளர் அவனை முன்னால் வரச் சொன்னார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். வெகுநேரம் எழுதினார். தௌசிப் கையிலிருந்த பொட்டலத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டே நின்றார்.

தேர்வாளர் எழுந்தார். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறேன். இந்த மாணவர் கேட்ட கேள்வியை, அவர் கேட்டபடியே, அவர் பெயரோடு ஆய்வேட்டின் முடிவுரையில் சேர்க்க வேண்டும்."

ஆய்வேட்டின் ஒரு பிரதி எங்கள் நூலகத்துக்கும் வந்திருக்கிறது. முனைவர் பி. பதருன்னிசா என்று உறையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. அதன் கீழே, சுடலைக்குமார், இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு. அதற்கும் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவள் பதில் எதுவும் எழுதவில்லை.